முதல் 1,000 கிலோமீட்டர்

சென்ற மாதம் படிவம் 5 மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், புதுக் காரை மெதுவா ஓட்டணுமா, வேகமா ஓட்டணுமா?" என்று கேட்டாள்.

அவளுடைய அக்கா வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகக் கார் வாங்கியிருக்கிறார். 9 ஆண்டுக் கடன். "ஒரு மாசத்துக்கு 80-ஐத் தாண்டவே கூடாது" என்கிறார் அப்பா. "அப்படி ஓட்டினா வண்டி சோம்பேறியாப் போயிடும், முதல் நாளே நல்லா மிதிக்கணும்" என்கிறார் பட்டறையில் வேலை செய்யும் மாமா. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அக்கா, மூன்று நாளாகக் காரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாராம்.

"ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி" என்றேன். அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதையும் இதற்கே கொடுத்தேன். அந்தப் பாடம்தான் இது.

புது அம்மியும் புது இன்ஜினும்

உங்கள் பாட்டி வீட்டில் அம்மி இருந்தால் கேட்டுப் பாருங்கள். புது அம்மியை வாங்கி வந்த உடனே யாரும் சட்னி அரைப்பதில்லை. முதலில் அரிசியையோ உப்பையோ போட்டு அரைத்து, அதை வெளியே கொட்டிவிடுவார்கள். உளி கொத்திய இடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்துணுக்குகள் அதோடு போய்விடும். குழவியும் கல்லும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகுதான் சமையலுக்கு எடுப்பார்கள். இதைப் பழக்குவது என்கிறோம். புதிய இன்ஜினைப் பழக்குவதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஆனால் கார் சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக அல்லவா இருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உண்மை வேறு. தொழிற்சாலையில் சிலிண்டரைத் துளைத்து முடித்த பிறகு, தேய்ப்புக் கற்கள் பொருத்திய ஒரு கருவியை உள்ளே விடுகிறார்கள். அது சுழன்றுகொண்டே மேலும் கீழும் போய்வருகிறது. அதனால் சுவர் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வான கீறல்கள் விழுகின்றன. வேண்டுமென்றே போடப்படும் கீறல்கள் இவை. நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்ன மலைகளும் பள்ளத்தாக்குகளும் தெரியும். அவற்றின் உயரத்தை மைக்ரோமீட்டரில்தான் அளக்க முடியும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பள்ளத்தாக்குகளில் எண்ணெய் தங்கும். மலைகளின் உச்சிகளோ முதல் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து தட்டையாகிவிடும். உச்சி தட்டையாகவும் பள்ளம் ஆழமாகவும் அமைந்த பரப்புதான் நமக்கு வேண்டியது. அது முழுமையாக அமைவது தொழிற்சாலையில் இல்லை, சாலையில்தான். அந்தக் கடைசி வேலையைக் காரை ஓட்டுபவர் செய்கிறார்.

பிஸ்டன் எவ்வளவு தூரம் போகிறது?

கணக்கில் ஆர்வம் உள்ளவர்கள் பேனாவை எடுங்கள். ஒரு காரின் பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே வர 85 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் தண்டு ஒரு சுற்று சுற்றும்போது பிஸ்டன் கீழே வந்து மறுபடி மேலே போகிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு 170 மில்லிமீட்டர், அதாவது 0.17 மீட்டர்.

கார் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் 1,000 கிலோமீட்டருக்கு 25 மணி நேரம் ஆகும். இன்ஜின் சராசரியாக நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், 25 × 60 × 2,000 = 30 இலட்சம் சுற்றுகள். அதை 0.17 மீட்டரால் பெருக்கினால் 510 கிலோமீட்டர் வருகிறது. ஒரு சிறிய குவளை அளவுள்ள இடத்துக்குள் ஏறி இறங்கியே பிஸ்டன் 510 கிலோமீட்டர் பயணம் செய்துவிடுகிறது! வகுப்பில் இந்த விடை வந்தபோது பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவனும் எழுந்து உட்கார்ந்தான்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் உச்சியிலும் அடியிலும் ஒரு கணம் நின்றுதான் திரும்ப வேண்டும். 30 இலட்சம் சுற்றுகளில் அது 60 இலட்சம் தடவை நின்று கிளம்புகிறது. இந்த நிற்பது ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, 1880-களில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும்.

கழன்று விழுந்த தக்கை

பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்து, 1883-இல் அறிக்கை கொடுத்தார். எண்ணெயில் நனைந்து சுழலும் ஓர் அச்சின்மேல் தாங்கி உட்கார்ந்திருந்தது. மேலிருந்து எண்ணெய் ஊற்றலாமே என்று தாங்கியின் நடுவில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை, மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார். தக்கை கழன்றுவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார். அதுவும் வெளியே தள்ளப்பட்டது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் இருந்தது.

யாரும் பம்பு வைத்து அடிக்கவில்லை. சுழலும் அச்சே எண்ணெயை ஒரு குறுகிய இடுக்குக்குள் இழுத்துச் சென்று அந்த அழுத்தத்தை உண்டாக்கியது. அந்த எண்ணெய்ப் படலம் முழுப் பாரத்தையும் தூக்கி நிறுத்தியதால் உலோகமும் உலோகமும் தொடவே இல்லை. இதற்கான கணிதத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். மழை நாளில் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் கார் தண்ணீரின்மேல் வழுக்கி மிதப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே அது ஆபத்து, இன்ஜினுக்குள் அதுவே பாதுகாப்பு.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பரப்புகள் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் படலம் நிற்கும். வேகம் குறைந்தால் படலம் மெலியும். பிஸ்டன் உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் படலம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அங்கேதான் உலோக உச்சிகள் ஒன்றையொன்று தொட்டு உரசுகின்றன. நன்றாக ஓடித் தேய்ந்த பழைய இன்ஜினைப் பிரித்தால், சிலிண்டர் சுவரின் மேல்பகுதியில் தேய்மானம் அதிகமாக இருப்பதைப் பட்டறைக்காரர்கள் காட்டுவார்கள். பள்ளியில் 'கெசெரான்' என்று படிக்கிறீர்களே, அதே உராய்வுதான். பாடநூலில் அது ஒரு மரக்கட்டையின்மேல் வரைந்த அம்புக்குறியாக இருக்கும், இங்கே அது ஒரு குடும்பத்தின் 9 ஆண்டுக் கடன்.

மாமா சொன்னது ஏன் பாதி சரி?

பிஸ்டனைச் சுற்றி வழக்கமாக மூன்று வளையங்கள் இருக்கும். மேலே உள்ள இரண்டும் எரிந்த வாயு கீழே கசியாமல் தடுக்கின்றன. மூன்றாவது, சுவரில் அதிகமாக ஒட்டியிருக்கும் எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புகிறது. வளையம் கொஞ்சம் வில்போல் விரியும் தன்மை உடையது, அதனால் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் வளையத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது பெரும்பாலும் அந்த வில்விசை அல்ல. எரியும் வாயு, வளையம் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் நுழைந்து, பின்னாலிருந்து அதை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. வெளியேறப் பார்க்கும் வாயுவே தன் வழியை அடைத்துக்கொள்கிறது. இதை யோசித்துக் கண்டுபிடித்தவரை நேரில் பார்த்தால் கைகுலுக்க ஆசை.

விசை = அழுத்தம் × பரப்பளவு. படிவம் 4 மாணவர்களுக்கு இது மனப்பாடம். 75 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு வளையத்தின் பின்புறப் பரப்பு ஏறக்குறைய 2.8 சதுர சென்டிமீட்டர். நன்றாக மிதித்து ஏற்றத்தில் போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 50 மடங்கை எட்டினால், தள்ளும் விசை ஏறக்குறைய 1,400 நியூட்டன். இரண்டு பெரியவர்களின் எடை! மெல்ல மெல்ல ஓட்டும்போது அழுத்தம் 15 மடங்குதான் என்றால் விசை 420 நியூட்டன்தான். இது எளிமையாக்கிய கணக்கு. உண்மையில் வாயு வளையத்தின் முன்புறத்தையும் கொஞ்சம் தள்ளும். ஆனாலும் விகிதம் புரிகிறதல்லவா?

ஆக, வளையமும் சுவரும் பொருந்தத் தேய வேண்டுமானால் ஓரளவு அழுத்தம் தேவை. எப்போதும் மென்மையாகவே ஓட்டினால் உச்சிகள் சரியாகத் தேயாது. வளையத்தைத் தாண்டி மேலே வரும் எண்ணெய் சூட்டில் கருகி, பள்ளத்தாக்குகளை நிரப்பி, சுவரை மினுமினுப்பாக்கிவிடும். அதன்பிறகு வளையம் சரியாகப் பொருந்துவது கடினம். எண்ணெய் குறைந்துகொண்டே போகும், பின்னால் நீலப் புகை வரும்.

இது எனக்கு ஏட்டறிவு அல்ல, பட்ட அறிவு. பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் சேமிப்பைப் போட்டு ஒரு புது கப்சாய் மோட்டார் வாங்கினேன். தெரிந்தவர் ஒருவர், "தினமும் காலையில் அரை மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி சும்மா ஓடவிடு, அதுதான் பழக்குவது" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் இரண்டு மாதம் பக்தியோடு செய்தேன். விடுதியில் என்னைத் திட்டாத தோழி இல்லை. வகுப்புக்குப் போவதும் பக்கத்திலேயே, மெதுவாகத்தான். ஓராண்டுக்குள் எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் சிலிண்டரைக் கழற்றிக் காட்டினார்கள். கீறல்களை மூடிக்கொண்டு பளபளவென்று இருந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நான் சொன்னதும் பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். வளையங்களை மாற்றி, சுவரை மறுபடி கீறிக் கொடுத்தார்கள். தேய்ந்து வழுக்கிப்போன அம்மியை மறுபடி கொத்துவதுபோல்தான். அந்த மாதம் முழுக்க விடுதிச் சாப்பாடு மட்டும்.

விமான உலகில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சிறிய விமானங்களுக்குப் பிஸ்டன் இன்ஜின் செய்யும் லைகோமிங் நிறுவனம், புது இன்ஜினை மெதுவாக ஓட்டச் சொல்வதில்லை. பறக்கும்போது 65 முதல் 75 விழுக்காடு ஆற்றலில் ஓட்டச் சொல்கிறது. தரையில் நீண்ட நேரம் சும்மா ஓடவிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. மாமா இதைக் கேட்டால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

அப்பா சொன்னதும் ஏன் பாதி சரி?

மாமா கொஞ்சம் பொறுக்க வேண்டும். 75 விழுக்காடு என்பது 100 விழுக்காடு இல்லை.

உச்சியும் உச்சியும் உரசும் புள்ளியில் வெப்பம் பிறக்கிறது. புது இன்ஜினில் தொடும் இடங்கள் குறைவு. எனவே பாரமெல்லாம் அந்தச் சில புள்ளிகளின்மேல் விழுகிறது. அளவோடு இருந்தால் உச்சி தேய்ந்து தட்டையாகும். அளவு மீறினால் அந்தப் புள்ளியில் இரண்டு உலோகங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடுத்த நொடியே பிய்த்துக்கொள்ளும். பிய்ந்த இடம் முன்பைவிடக் கரடுமுரடாகிவிடும். அம்மியில் குழவியை ஓங்கி இடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சுழற்சி வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பிஸ்டனை நிறுத்தித் திருப்பத் தேவைப்படும் விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்து 6,000 சுற்றுக்குப் போனால், வேகம் 3 மடங்கு, விசை 9 மடங்கு. இணைப்புத் தண்டும் தாங்கிகளும் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தாத நாள்களில் அந்தச் சோதனை வேண்டாம்.

இங்கே வேதியியலும் கொஞ்சம் வருகிறது. இன்ஜின் எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய ஒரு சேர்மம் கலந்திருப்பது வழக்கம். உரசும் இடத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் அது வினைபுரிந்து, உலோகத்தின்மேல் மெல்லிய பாதுகாப்புப் படலமாகப் படிகிறது. படிவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

அப்படியானால் எப்படி ஓட்டுவது?

மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். இதுதான் விடை. இன்ஜின் சூடான பிறகு, அளவாக மிதித்து வேகத்தைக் கூட்டுங்கள். வளையங்கள் சுவரோடு அழுந்தும். பிறகு காலை எடுத்து வேகம் தானாகக் குறைய விடுங்கள். அழுத்தம் தளர்ந்து, எண்ணெய் வந்து வெப்பத்தைக் கொண்டுபோகும். மறுபடி கூட்டுங்கள். சாதாரண ஊர்ச் சாலையில் விளக்கு, வளைவு, மேடு என்று ஓட்டினாலே இது தானாக நடந்துவிடும். உண்மையில் அப்பா சொன்ன 80-இல் இருக்கும் ஆபத்து அதன் வேகம் அல்ல. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, மூன்று மணி நேரம் அசையாமல் அதே 80-இல் போவதுதான். 110-இல் அசையாமல் போனாலும் அதே கதைதான். நெடுஞ்சாலையில் போகவே கூடாது என்பதில்லை, வேகத்தைச் சற்று ஏற்றி இறக்கிக்கொண்டே போகலாம், பின்னால் வருபவரைக் கோபப்படுத்தாமல்.

டொயோட்டாவின் கையேடுகளைப் புரட்டினால் இதே கருத்து இருக்கும்: முதல் 1,000 கிலோமீட்டர் அளவுக்கு அதிவேகம் வேண்டாம், திடீரென்று மிதிக்க வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் போக வேண்டாம். பிஎம்டபிள்யூவின் எம் ரகக் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரில் தனியாக ஒரு சர்வீஸே உண்டு. எல்லாருக்கும் ஒரே எண் கிடையாது, ஆகையால் அப்பா, மாமா, என்னையும் சேர்த்து யார் சொல்வதைவிடவும் அந்தக் காரோடு வந்த கையேடு மேலானது. பெரும்பாலான வீடுகளில் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் டேஷ்போர்டில் கிடக்கிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

முந்தைய காலத்தில் இது இன்னும் பெரிய விஷயம். பிரிட்டனில் புதுக் காரின் பின்கண்ணாடியில், "பழக்கிக்கொண்டிருக்கிறேன், முந்திச் செல்லுங்கள்" என்ற பொருளில் அட்டை ஒட்டிக்கொண்டு போவார்கள். இன்று சிலிண்டரின் கூரான உச்சிகளில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலேயே தேய்த்துவிடுகிறார்கள். அதனால் பழக்கும் வேலை குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. பல தொழிற்சாலைகளில் புது இன்ஜினைப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்ப்பதுகூட இல்லை. மின்மோட்டாரால் சுற்றிவிட்டு எண்ணெய் அழுத்தத்தையும் சுழற்றத் தேவையான விசையையும் அளந்து சரிபார்க்கிறார்கள். எனவே பெட்ரோலில் அதன் வாழ்நாளின் முதல் சில மணி நேரங்கள் பெரும்பாலும் வாங்கியவர் கையில்தான்.

நம் நாட்டில் பல கார்களுக்கு 1,000 கிலோமீட்டரில் முதல் சர்வீஸ் உண்டு. தேய்ந்த நுண்துகள்களில் பெரும்பகுதி எண்ணெய் வடிகட்டியில் சிக்கியிருக்கும். அதற்காக 200 கிலோமீட்டரிலேயே அவசரப்பட்டு எண்ணெயை மாற்றுவதும் சரியல்ல. குறித்த காலத்துக்கு முன் மாற்ற வேண்டாம் என்று ஹோண்டாவின் சில கையேடுகளே சொல்கின்றன. தினமும் இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துவதும் நல்லதல்ல. இன்ஜின் குளிராக இருக்கும்போது எரியாத பெட்ரோல் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிரேக்கும் டயரும்கூடப் பழக வேண்டியவை. முதல் 300 கிலோமீட்டரில் அவசியமில்லாமல் சடாரென்று பிரேக் பிடிக்காமல் இருப்பது நல்லது.

"மின்சாரக் காருக்கு, டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். பிஸ்டனும் இல்லை, வளையமும் இல்லை. பழக்க வேண்டியது பிரேக்கும் டயரும்தான்.

அந்த மாணவியின் அக்கா அன்று மாலையே காரை எடுத்தார். அப்பா முன்னிருக்கையில், மாமா பின்னிருக்கையில். தாமானைச் சுற்றி, மேட்டுச் சாலையில் ஏறி, இறங்கி, ஒரு மணி நேரம். மாமா "மிதி" என்னும்போது அப்பா "மெல்ல" என்றாராம், அப்பா "மெல்ல" என்னும்போது மாமா "மிதி" என்றாராம். "நல்லாவே மாறி மாறி ஓட்டினாங்க, டீச்சர்" என்றாள்.

இந்த வாரச் செயல்பாடு

வீட்டில் பெட்ரோல் கார் இருந்தால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்யுங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிடம் பொறுங்கள். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுங்கள். எண்ணெய் இரண்டு குறிகளுக்கு நடுவில் எங்கே நிற்கிறது என்பதையும், அன்றைய கிலோமீட்டர் எண்ணையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் இதைத் திரும்பச் செய்து வரைபடம் வரையுங்கள். கோடு கிடையாக இருந்தால் வளையங்கள் தம் வேலையைச் செய்கின்றன. கீழே இறங்கிக்கொண்டே போனால், அடுத்த சர்வீஸின்போது அந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.